நிறுவனருக்கு ஒரு ஸ்பூன் கோப்பி-ஓ

இந்த வாரம்தானா உனக்குத் தாகம் எடுக்க வேண்டும்? போன வாரம் குடித்திருக்கலாமே. போன வாரம் மூளையின் பாகங்களைப் பற்றிய பாடம். பாதி வகுப்பு தூங்கியது. நீ ஒரு குடம் பாலைக் குடித்திருந்தாலும் எனக்கு ஒரு சேதமும் இல்லை. இந்த வாரம் 'கவனித்தல்' அத்தியாயம். கண்ணால் கண்டதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பேசுவதற்காகக் குறிப்பெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். அத்தனையையும் ஒரே ஸ்பூனில் உறிஞ்சிவிட்டாய்.

ஐஸ்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த பிள்ளையார் பதில் சொல்லவில்லை. புஷ்பவல்லியும் எதிர்பார்க்கவில்லை. வெளிநாட்டில் மனோவியல் படிக்கப் போன காலத்திலேயே அவள் கடவுளை நம்புவதை விட்டுவிட்டாள். அவரோடு பேசுவதை மட்டும் விடவில்லை. இதற்கும் ஒரு விளக்கம் இருக்கும். தேடிப் பார்க்க அவளுக்கு இன்னும் ஒழியவில்லை.

கிள்ளானிலிருந்து கோலாலம்பூரின் இந்தப் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டுக்குத் தனியாகக் குடிவந்தபோது அம்மா பிள்ளையாரைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். "நம்பாட்டி போ. வீட்டுல ஒரு ஆம்பளத் துணை இருக்கட்டும்" என்றாள். அன்றிலிருந்து அவர் ஐஸ்பெட்டியின் மேல் இருக்கிறார். கை அகலக் கருங்கல். தும்பிக்கை நுனியில் சின்னச் சிதைவு.

1995 செப்டம்பர். இந்தியாவில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று முந்தின நாள் தொலைபேசியில் வந்த செய்தி, பொழுது சாய்வதற்குள் கிள்ளானைத் தாண்டித் தோட்டங்களுக்கெல்லாம் போய்விட்டது. இரவே பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் பால் தீர்ந்தது. கோயிலில் தொடங்கிய வரிசை துன் சம்பந்தன் சாலை வரை நீண்டு, பேருந்துக்கு நின்றவர்களோடு கலந்தது. பேருந்து வந்தபோது எந்த வரிசை எது என்று யாருக்கும் தெரியவில்லை என்றும், பால் செம்போடு இரண்டு பேர் பங்சாருக்குப் போய்விட்டார்கள் என்றும் காலையில் பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள்.

புஷ்பவல்லி கதவைச் சாத்தினாள். காப்பிக்கு வைத்திருந்த பாலில் ஒரு ஸ்பூன் எடுத்தாள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். ஸ்பூனைத் தும்பிக்கையின் சிதைந்த நுனியில் வைத்தாள்.

என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பால் கல்லைத் தொட்டதும் அதன் மேல் மெல்லிய தோலாகப் படர்ந்து கீழே இறங்கும். ஈரக் கல்லில் அந்தப் படலம் கண்ணுக்குத் தெரியாது. அப்படித்தான் நடந்தது. ஆனால் பால் ஸ்பூனின் விளிம்பைவிட்டு நழுவிய நொடியில் அவள் தொண்டை ஏன் அடைத்துக்கொண்டது என்பதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் படம் போட்டிருக்கவில்லை. பிள்ளையாரின் பாதத்தில் தேங்கிய பாலைத் துடைத்துவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பினாள்.

பெரியகருப்பன் கல்லூரி ஒரு கடைவீட்டு வரிசையின் இரண்டு மாடிகளில் இருந்தது. கீழே துணிக்கடையும் ஒரு சாப்பாட்டுக் கடையும். முதல் மாடியில் வரவேற்பறை. அங்கே பீடத்தின் மேல் நிறுவனரின் மார்பளவு வெண்கலச் சிலை, உள்ளே வெறும் கூடு. தட்டச்சு வகுப்பாகத் தொடங்கிய இடத்தைக் கல்லூரியாக்கிய பெரியகருப்பன் செட்டியார் மெலிந்த மனிதர். மீசை கோடு போட்டது மாதிரி இருக்கும். சிலைக்கோ இரண்டு விரல் கனத்தில் முறுக்கு மீசை. தமிழ்நாட்டுச் சிற்பியிடம் வேறு யாரோ தலைவருக்குச் செய்தது மிஞ்சிப்போய், அதையே கப்பலில் ஏற்றிவிட்டான் என்று ஆசிரியர்கள் பேசிக்கொண்டார்கள். நிறுவனரின் மகன் காசிவிஸ்வநாதன் காதில் படாமல்தான்.

கணக்கியலும் செயலாளர் பயிற்சியும்தான் கல்லூரிக்குச் சோறு போட்டன. மனோவியல் வகுப்பு மேல்மாடியின் கடைசி அறையில், ஒரு கை விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு நடந்தது. ஆண்டுக் கடைசியில் அதை மூடிவிடலாம் என்று காசிவிஸ்வநாதன் இரண்டு தடவை சொல்லியிருந்தார். மூன்றாவது தடவை சொல்லும்போது மூடிவிடுவார் என்பது அவளுக்குத் தெரியும். மனிதர்களைக் கூர்ந்து பார்ப்பதுதானே அவள் தொழில்.

அன்று அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது மேசையின் மேல் ஒரு வெள்ளிப் பிள்ளையாரும், மூடி போட்ட பாத்திரத்தில் பாலும் இருந்தன. கொண்டுவந்தவள் தனலெட்சுமி. கிள்ளானிலிருந்து ரயிலில் வருபவள். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை.

"நேத்து எங்க வீட்டுல குடிச்சாரு மிஸ். எங்கப்பா அழுதுட்டாரு. நீங்க கண்ணால பாக்கணும்னுதான் தூக்கிட்டு வந்தேன்."

"ரயில்ல டிக்கெட் எடுத்தியா அவருக்கு?" என்றான் நாகையா. சுங்கை பூலோக்காரன். சாமி இல்லை என்பதை அவன் ஒரு வேலையாகவே பார்த்துவந்தான். அதில் விடுமுறை எடுப்பதில்லை.

"வாய மூடு லா. மிஸ், இவன வெளிய போகச் சொல்லுங்க. இவன் இருந்தா குடிக்க மாட்டாரு."

"பாத்தீங்களா மிஸ், குடிக்காட்டி நான் காரணம். ரொம்ப வசதி."

லிம் சிரித்தான். கேரித் தீவில் தோட்டத்து மளிகைக்கடைக்காரர் மகன் அவன். அவன் பேசும் தமிழைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தனலெட்சுமியின் சித்தப்பா என்று நினைக்கத் தோன்றும். "அது இல்ல தனம். எங்க வீட்டுல சாமிக்கு ஆரஞ்சு வைப்போம். சாமி பாக்கும், நாங்கதான் சாப்பிடுவோம். உங்க சாமி நெசமாவே சாப்பிட ஆரம்பிச்சா அப்புறம் நீங்க பட்டினி லா."

ஜன்னலோரம் இருந்த சாஹிரா பானு தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, "எனக்கு இதுல ஒரு பக்கமும் இல்ல மிஸ். வேணும்னா நான் போர்டுல எழுதுறேன்" என்றாள்.

புஷ்பவல்லி தன் குறிப்புகளைப் பைக்குள் போட்டாள். மூன்று ஆண்டுகளாக இவர்களுக்கு 'சோதனை' என்ற சொல்லைப் புரியவைக்க அவள் பட்ட பாடு அந்த வெள்ளிப் பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம்.

"சரி. பார்ப்போம். ஆனா இவரை மட்டும் பார்த்தாப் போதாது. யாருமே கும்பிடாத ஒரு சிலைக்கும் கொடுக்கணும். அதுவும் குடிச்சா என்ன அர்த்தம், குடிக்காட்டி என்ன அர்த்தம்னு அப்புறம் பேசலாம். கும்பிடாத சிலை ஒண்ணு எங்க கிடைக்கும்?"

நாகையாவின் முகம் மலர்ந்தது. "மிஸ், கீழ ஒருத்தரு சும்மாதான் உக்காந்திருக்காரு."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். பிறகு பல தடவை யோசித்தபோது, அந்த 'வேண்டாம்' வாய் வரை வந்ததாகவே அவளுக்கு நினைவில்லை. வரவேற்பில் இருக்கும் நல்லம்மாள் காலைச் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம். லிம்மும் நாகையாவும் நிறுவனரைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார்கள். "பைய லா, மூக்கு இடிக்குது" என்று லிம் சொன்னது மேல்மாடி வரை கேட்டது.

இருவரையும் மேசையில் அருகருகே வைத்தார்கள். வெள்ளிப் பிள்ளையார் செட்டியாரின் தோள் உயரம் இருந்தார். இரண்டு பேரும் ஏதோ திருமண வரவேற்புக்கு வந்து, தெரிந்தவர் யாரும் இல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் போலத் தெரிந்தது.

ஏற்பாட்டைப் புஷ்பவல்லி சொன்னாள். லிம் பால் கொடுப்பான். தனலெட்சுமியும் நாகையாவும், ஒருவர் பார்த்து முடித்த பிறகு மற்றவராக, ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார்கள். பார்த்ததை வெளியே நடைபாதையில் நிற்கும் சாஹிராவிடம் தனித்தனியாகச் சொல்வார்கள். "என்ன நினைக்கிறீங்கன்னு கேக்கல. என்ன பார்த்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

ஒவ்வொருவருக்கும் முதலில் பிள்ளையார், பிறகு நிறுவனர், மறுபடியும் பிள்ளையார். எல்லாம் முடிந்து சாஹிரா உள்ளே வந்து பலகையில் எழுதினாள். தனலெட்சுமி பார்த்தது: பிள்ளையார் குடித்தார், ஒரு சொட்டும் சிந்தவில்லை, செட்டியார் குடிக்கவில்லை, பால் மீசை வழியாக இறங்கித் தாடையில் சொட்டியது, பிள்ளையார் மறுபடியும் குடித்தார். நாகையா பார்த்தது: மூன்று தடவையும் பால் வழிந்தது, கடைசித் தடவைதான் ரொம்ப மோசம், தொந்தியெல்லாம் வழிந்தது.

"லிம், கடைசித் தடவை ஸ்பூன்ல என்ன இருந்தது?"

"ஒண்ணும் இல்ல மிஸ். நீங்கதான் காலியா வைக்கச் சொன்னீங்க. கைய வச்சு மறைச்சுக்கிட்டேன்."

சாஹிரா முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், அந்த இரண்டு பேரைத் தவிர. தனலெட்சுமி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாகையா எழுந்து போய்ப் பிள்ளையாரின் தொந்தியை விரலால் தொட்டுப் பார்த்தான். அவன் காதுகள் சிவந்திருந்தன. இல்லாத பாலைக் குடித்த சாமியைவிட, இல்லாத பாலை வழியவிட்ட சாமி அவனை அதிகமாகக் காயப்படுத்தியிருக்க வேண்டும்.

"ரெண்டு பேரும் பொய் சொல்லல" என்றாள் புஷ்பவல்லி. "ரெண்டு பேரும் பார்த்ததைத்தான் சொன்னீங்க. பார்க்கிறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது, அவ்வளவுதான். இந்தப் பாடத்துக்கு சாமி வேண்டியதில்ல. நீங்க ரெண்டு பேரும் போதும்."

தனலெட்சுமி மெல்லக் கேட்டாள். "நீங்க மிஸ்? நீங்க பாத்தீங்களா?"

பொய் சொல்லலாம். ஆனால் இந்தப் பெண் ஒரு பாத்திரம் பாலை மடியில் வைத்துக்கொண்டு கிள்ளானிலிருந்து வந்திருக்கிறாள்.

"காலையில எங்க வீட்டுப் பிள்ளையாருக்குக் கொடுத்தேன்."

நாகையா துரோகியைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"குடிச்சாரா?"

"ஸ்பூன் காலியாச்சு."

"அதத்தான மிஸ் நானும் சொல்றேன்."

"இல்ல. நீ குடிச்சார்னு சொன்ன. நாகையா குடிக்கலன்னு சொன்னான். நான் ஸ்பூன் காலியாச்சுன்னு சொல்றேன். இந்த வகுப்புல அது வரைக்கும்தான் நாம போக முடியும்."

"வகுப்புக்கு வெளிய?"

"வெளிய நான் உங்க டீச்சர் இல்லையே."

"அது நழுவுற பதில் மிஸ்" என்றாள் சாஹிரா, பலகையைத் துடைத்துக்கொண்டே.

நழுவுகிற பதில்தான். தொண்டை அடைத்ததை அவள் சொல்லவில்லை. அதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

"மிஸ், இன்னொண்ணு" என்றாள் சாஹிரா. "பால மட்டும்தான் எடுக்குதா, வேற எதக் கொடுத்தாலும் எடுக்குமா? அதையும் பாக்கணும்ல?"

அந்தக் கேள்விக்காகவே அவளுக்கு முழு மதிப்பெண் போடலாம் என்று புஷ்பவல்லி நினைத்தாள். லிம்மின் நாற்காலியில் அவன் காலைக் கோப்பி-ஓ புங்குஸ் தொங்கிக்கொண்டிருந்தது. பால் கலக்காத கறுப்புக் கோப்பி, பிளாஸ்டிக் பையில் கயிறு போட்டுக் கட்டியது. பிள்ளையாருக்குக் கோப்பி கொடுக்க முடியாது என்று தனலெட்சுமி பாத்திரத்தை அணைத்துக்கொண்டாள். யாரும் வற்புறுத்தவில்லை. லிம் ஒரு ஸ்பூன் கோப்பி-ஓவை நிறுவனரின் மீசைக்குக் கீழே வைத்தான். பாலை விடக் கோப்பி வேகமாகப் போனது. கறுத்த வெண்கலத்தில் கறுத்த கோப்பி. வழிந்த தடமே தெரியவில்லை.

"பாரு லா, உறிஞ்சுறாரு" என்றான் நாகையா.

அப்போதுதான் கதவருகே காசிவிஸ்வநாதன் நிற்பதை அவள் பார்த்தாள்.

"கீழ அப்பச்சியக் காணோம்னு..." என்றவர் முடிக்கவில்லை. தகப்பனாரை அப்பச்சி என்று சொல்லும் வழக்கத்தைக் கோலாலம்பூரில் பிறந்த இந்த ஐம்பது வயது மனிதர் விட்டிருக்கவில்லை. அவர் பார்வை மேசைக்குப் போனது, ஸ்பூனுக்குப் போனது, லிம்மின் கையிலிருந்த பிளாஸ்டிக் பைக்குப் போனது.

மூன்றாவது தடவை இன்றைக்கே வந்துவிட்டது என்று புஷ்பவல்லி நினைத்தாள்.

"இது என்ன?"

"கோப்பி-ஓ பாஸ்" என்றான் லிம். "சீனி போட்டது."

"அப்பச்சிக்குப் பால் ஆகாதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

காசிவிஸ்வநாதன் உள்ளே வந்து லிம்மின் கையிலிருந்து ஸ்பூனை வாங்கிக்கொண்டார். "வாழ்நாள் பூரா கோப்பி-ஓதான். அதுவும் கடையில இருந்து வரணும். வீட்டுல யார் போட்டாலும் குடிக்க மாட்டார். ஆஸ்பத்திரியில இருந்தப்போ நான் கொண்டுபோவேன். அங்க வைன்னு சொல்லுவார். நர்ஸ் வந்து கொடுத்தா குடிப்பார். என் கையால வாங்கல. ஒரு தடவைகூட வாங்கல."

லிம்மின் பையிலிருந்து ஸ்பூனை நிரப்பி நீட்டினார். பாதி கோப்பி மேசையில் சிந்தியது. மீதி மீசைக்குக் கீழே போய் மறைந்தது. காசிவிஸ்வநாதன் அழத் தொடங்கினார். ஓசையில்லாமல், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி அழுதார். பிறகு தன் கோட்டைக் கழற்றித் தகப்பனாரைச் சுற்றி, பிள்ளையைத் தூக்குவது போலத் தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

"செத்தோம்" என்றான் நாகையா.

சாகவில்லை. மறுநாள் அவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார்.

"அடுத்த வாரம் நிறுவனர் நாள். இந்த வருஷம் பெருசாப் பண்ணப்போறேன். கோயில் கமிட்டி வர்றாங்க, பத்திரிகைக்காரங்க வர்றாங்க. நீங்க பேசணும் மிஸ் புஷ்பா."

"எதைப் பத்தி சார்?"

"நடந்ததைப் பத்தி. சாமி நம்பிக்கை உள்ள நாலு பேர் சொன்னா அது வெறும் பக்தி. நீங்க சைக்காலஜி. சாமியே இல்லைங்கிறவங்க. நீங்க உங்க வகுப்புல, விஞ்ஞான முறைப்படி, சோதனை பண்ணிக் கண்டுபிடிச்சிருக்கீங்க."

"சார், அது சாமி இல்லாத பக்கத்துக்காக வச்சது. எதுவும் நடக்காதுன்னு காட்டுறதுக்கு ஒரு சிலை தேவைப்பட்டது. அதுக்காகத்தான் ஐயாவை எடுத்தோம்."

"ஆனா நடந்துச்சே."

அவள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். திரவத்தின் மேற்பரப்பு, வெண்கலம், மீசையின் வளைவு. அவர் பொறுமையாகக் கேட்டார். அவருடைய பொறுமைதான் அவளைப் பயமுறுத்தியது.

"எல்லாம் சரி. விளக்கம் இருக்கட்டும். அந்த விளக்கத்தை உண்டாக்கினது யாரு? அத்தனை புங்குஸ் இருக்கிற ஊர்ல அந்தச் சீனப் பையன் கையில அன்னிக்கு ஏன் கோப்பி-ஓ இருந்துச்சு? பால் ஊத்தின தே தாரிக் இருந்திருக்கலாம்ல? மைலோ இருந்திருக்கலாம்ல?"

லிம்மின் காலைப் பசியே தெய்வச் செயலாகிவிட்டது.

காசிவிஸ்வநாதன் ஒரு வரைபடத்தை மேசையில் விரித்தார். மேல்மாடியின் கடைசி அறை, அதற்குப் பக்கத்தில் இப்போது பழைய தட்டச்சு இயந்திரங்கள் கிடக்கும் அறை. இடையில் இருந்த சுவரில் ஒரு செவ்வகம் வரைந்திருந்தது.

"ஒரு பக்கம் மட்டும் தெரியிற கண்ணாடி. நீங்க முந்தி கேட்டீங்களே. இங்க ஆளுங்க உக்காருவாங்க, அந்தப் பக்கம் நின்னு நீங்க பாக்கலாம், அவங்களுக்குத் தெரியாது. ஆஸ்திரேலியாக் கல்லூரியோட பேசிட்டேன். சைக்காலஜியை மூட வேண்டாம். டிப்ளோமா ஆக்கிடலாம். நீங்கதான் தலைவர்."

அந்தச் செவ்வகத்தை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். படித்த காலத்தில் அப்படி ஓர் அறையின் இருட்டில் நின்று, ஒரு குழந்தை பொம்மைக்காக அழுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதைப் பார்த்திருக்கிறாள். அவள் வாழ்க்கையில் கோயில் கருவறைக்கு மிக அருகில் வந்த இடம் அதுதான். இந்தக் கண்ணாடிக்காக என் ஐஸ்பெட்டிப் பிள்ளையாரை விற்பேனா? விற்பேன், கூட ஐஸ்பெட்டியையும் கொடுப்பேன். ஆனால் இவர் கேட்பது பிள்ளையாரை அல்ல.

"முடியாட்டி?" என்று கேட்டாள்.

"முடியாட்டி என்ன, ஆண்டுக் கடைசி வரைக்கும் நடத்துங்க" என்றார் அவர், மிகவும் மரியாதையாக.

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த ஒரு வாரத்தில் வரவேற்பறை மாறிப்போனது. கணக்கியல் மாணவர்கள் தேர்வுக்கு முன் நிறுவனருக்கு ஒரு ஸ்பூன் கொடுத்துவிட்டுப் போனார்கள். கீழ்க்கடை அங்கிள் நாளின் முதல் கோப்பி-ஓவைக் காசு வாங்காமல் அனுப்பினார். தாடையில் சொட்டுவதை நல்லம்மாள் ஒரு தட்டில் பிடித்து, கேட்டவர்களுக்குத் தீர்த்தமாக உள்ளங்கையில் ஊற்றினாள். "சூடா இருக்கும்போது பலன் ஜாஸ்தி" என்று அவளாகவே ஒரு விதியும் சேர்த்துவிட்டாள். இரண்டாம் நாள் எறும்பு வந்தது. எறும்புக்கும் யாரோ கும்பிட்டார்கள்.

நிறுவனர் நாளுக்கு முந்தைய வகுப்பில் தனலெட்சுமி கை தூக்கினாள்.

"மிஸ், நாளைக்கு நீங்க பேசுறீங்களாம்."

"கேட்டிருக்காங்க."

"என்ன பேசுவீங்க?"

"இன்னும் முடிவு பண்ணல."

தனலெட்சுமி எழுந்து நின்றாள். அவள் கோபமாக இருந்தாள் என்பது அவள் மெதுவாகப் பேசியதில் தெரிந்தது. "அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க மிஸ். எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. வீட்டுல போயி எங்கப்பாகிட்ட, வெறும் ஸ்பூனக் குடிச்சாருன்னு சொல்லிட்டேன்பான்னு சொன்னேன். அவரும் சிரிச்சாரு. சரி, பாக்குறதுல இப்படி ஒரு தப்பு இருக்குன்னு கத்துக்கிட்டேன். நான் இன்னும் கும்பிடுறேன், அது வேற. ஆனா என் பிள்ளையாருக்கு ஒரு ஸ்பூன் கணக்கு, பாஸ் அப்பாவுக்கு வேற ஸ்பூன் கணக்குன்னா, அப்ப நீங்க சொல்லிக் கொடுத்தது சைன்ஸ் இல்ல மிஸ். எங்கள மாதிரி ஆளுங்க சாமின்னா கேள்வி கேக்கலாம், அவ்வளவுதான்."

நாகையா வழக்கமாக அவள் பேசி முடித்ததும் ஏதாவது சொல்வான். அன்று கிண்டல் இல்லை. "அவ சொல்றது சரி லா மிஸ்" என்று மேசையைப் பார்த்து முணுமுணுத்தான்.

"வகுப்பு மூடிட்டா நீங்க எங்க போவீங்க?" என்று புஷ்பவல்லி கேட்டாள். கேட்டதும், அது அவர்களுக்கான கேள்வி அல்ல என்று தெரிந்தது.

"அக்கவுண்ட்ஸுக்குத்தான்" என்றான் லிம். "அங்க எல்லாருக்கும் ஒரே கணக்கு."

மறுநாள் காலையில் அவள் ஐஸ்பெட்டியைத் திறந்து மூடினாள். மேலே பார்த்தாள். உன்னிடம் ஒன்றும் கேட்கப் போவதில்லை, பயப்படாதே, என்றாள் மனத்துக்குள். நீ இதில் சம்பந்தப்பட்டவன் இல்லை. உன்னை நம்பாத என்னை அந்தப் பெண் நம்புகிறாள். இதுதான் இப்போது எனக்கு இருக்கும் ஒரே தொந்தரவு.

வரவேற்பறையில் நிற்க இடமில்லை. நிறுவனருக்கு மீசை வரை ரோஜா மாலை. முன்னால் வெள்ளித் தட்டு, வெள்ளி டம்ளரில் ஆவி பறக்கும் கோப்பி-ஓ, வெள்ளி ஸ்பூன். கோயில் கமிட்டிக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். படிக்கட்டில் கணக்கியல் மாணவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறாத குறை. அவர்களுக்கு மேலே, கைப்பிடியில் சாய்ந்து அவளுடைய நால்வர். தனலெட்சுமி திருநீற்றோடு நின்றாள். சாஹிராவின் முகத்தில் பலகையில் எழுதும்போது இருக்கும் அதே கவனம்.

காசிவிஸ்வநாதன் மைக்கைப் பிடித்தார். வேட்டி, சட்டை, நெற்றி நிறைய திருநீறு. "எங்க மனோவியல் ஆசிரியை. வெளிநாட்டுல படிச்சவங்க. கடவுள் நம்பிக்கை இல்லாதவங்க. அவங்க கண்ணு முன்னாடி நடந்தது இது. அவங்களே முதல் ஸ்பூன் கொடுத்து, அவங்க வாயால சொல்லுவாங்க."

ஸ்பூனை நிரப்பி அவளிடம் கொடுத்தார். இன்றும் அதிலிருந்து இரண்டு சொட்டு சிந்தியது. நடிப்பு இல்லை என்பது அவளுக்குத் தெரியும். இந்த மனிதர் ஒரு பொய்யரானால் எவ்வளவு எளிதாக இருந்திருக்கும். அவருக்குக் கண்ணாடி அறையும் ஆஸ்திரேலியாவும் ஒரு பொருட்டே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் 'அங்க வை' என்று சொன்ன குரலுக்கு மேல் இன்னொரு குரல் விழ வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. நான் ஆமாம் என்று சொன்னால் இவர் இன்றிரவு நன்றாகத் தூங்குவார். தூங்கட்டுமே என்று அவளுக்குள் ஒன்று சொன்னது. அதற்குக் கருணை என்று பெயர் வைக்கலாம். கண்ணாடி என்றும் வைக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க அவளுக்குள் அப்படி ஒரு கண்ணாடி அறை இல்லை.

அவள் தயங்குவதைப் பார்த்து அவர் மைக்கைத் தாழ்த்திக்கொண்டார். அவள் காதருகே, கெஞ்சுவது போலப் பேசினார்.

"குடிச்சார்னு சொல்ல வேணாம் மிஸ். நீங்க பொய் சொல்ல மாட்டீங்க, எனக்குத் தெரியும். அன்னிக்கு வகுப்புல ஏதோ சொன்னீங்களாமே, ஸ்பூன் காலியாச்சுன்னு. அத மட்டும் சொல்லுங்க. அது உண்மைதானே? மிச்சத்த ஜனங்க பாத்துக்குவாங்க."

உண்மைதான். அவள் அறிந்த வாக்கியங்களிலேயே மிகச் சுத்தமான வாக்கியம் அது. பிள்ளையாருக்கும் வலிக்காமல், நாகையாவுக்கும் விட்டுக்கொடுக்காமல், அவள் தானாகக் கண்டெடுத்தது. இப்போது அதை இந்த மாலைக்குக் கீழே, இந்த டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தால், இந்தக் கூட்டத்தில் ஒருவர் காதிலும் அது அந்த வாக்கியமாக விழாது. வெறும் ஸ்பூனைக் காட்டி இரண்டு பிள்ளைகளைப் பார்க்கவைத்தவளுக்கு இது தெரியாதா?

படிக்கட்டைப் பார்த்தாள். தனலெட்சுமி கும்பிடவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தாள்.

புஷ்பவல்லி ஸ்பூனை நிறுவனரின் பக்கம் கொண்டுபோகவில்லை. அதிலிருந்த கோப்பியை, சிந்தாமல், டம்ளருக்குள்ளேயே திரும்ப ஊற்றினாள். ஸ்பூனைத் தட்டில் வைத்தாள். மைக் எட்டாத குரலில், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"மன்னிச்சிருங்க சார். அதையும் நான் இங்க சொல்ல மாட்டேன்."